களமெழுத்து: அழிப்பதற்காக எழுதப்படும் தெய்வம்

கேரளத்தின் பகவதி கோயில்களிலும் ஐயப்பன் கோயில்களிலும் பழைய வீடுகளின் பாம்புக் காவு எனும் தோப்புகளிலும் ஐந்து நிறப் பொடிகளைத் தரையில் தூவித் தெய்வ உருவம் எழுதுவார்கள். எழுதிய உருவத்துக்கு விளக்கேற்றிப் பூசை செய்வார்கள், அதன் முன்னால் உட்கார்ந்து பாடுவார்கள். பிறகு அன்றிரவே அதைக் காலாலோ கையாலோ குருத்தோலையாலோ கலைத்துவிடுவார்கள். இந்தச் சடங்கின் பெயர் களமெழுத்து. பாட்டையும் சேர்த்துக் 'களமெழுத்தும் பாட்டும்' என்று சொல்வது வழக்கம். நடுத்தரமான களம் ஒன்றை எழுதி முடிக்க இரண்டு மூன்று பேருக்குச் சில மணி நேரமாவது பிடிக்கும். பெரிய களமென்றால் காலையில் தொடங்கிய வேலை மாலைவரை போகும். கலைவதற்குச் சில நிமிடங்களே போதும். கலைக்காமல் விட்டால் சடங்கு முடிந்ததாகக் கணக்கில்லை.

'களம்' என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நெல்லடிக்கும் களம், போர்க்களம் என எங்கும் அது ஒரு காரியத்துக்காகத் துப்புரவாக்கி வைத்த தரையைக் குறிக்கும். 'எழுத்து' என்ற சொல்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. இன்று அது பேனாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பழந்தமிழில் உருவம் தீட்டுவதும் எழுதுவதுதான். கண்ணுக்கு மை எழுதினார்கள், பெண்களின் தோளிலும் மார்பிலும் குழம்பால் தொய்யில் எழுதினார்கள், சுவரில் சித்திரம் எழுதினார்கள். தமிழில் தேய்ந்துபோன அந்தப் பொருளை மலையாளம் இந்தச் சடங்கின் பெயரில் காத்து வைத்திருக்கிறது.

களமெழுத்தின் வரலாற்றைச் சொல்ல வருபவருக்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. கோயிலின் வயதைக் கல்வெட்டு சொல்லும், சுவரோவியத்தின் வயதைச் சுண்ணாம்புப் பூச்சும் நடையும் சொல்லும். களம் எதையும் விட்டுவைப்பதில்லை. நூறு வருடத்துக்கு முந்திய களம் ஒன்றைக்கூட எங்கும் போய்ப் பார்க்க முடியாது. எனவே நூல்களில் வரும் குறிப்புகளும், வாய்மொழியாக வரும் பாட்டுகளும், எழுதும் உரிமை பெற்ற குடும்பங்களின் வழக்கமுமே இதன் வரலாற்றுக்கு ஆதாரம்.

நூல்களில் மிகப் பழைய தடம் சங்க அகப்பாடல்களில் தெரிகிறது. தலைவியின் நோய்க்குக் காரணம் முருகன் என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும் காட்சி குறிஞ்சித் திணையில் திரும்பத் திரும்ப வருகிறது. வேலன் ஆடும் இடத்துக்குக் களம் என்றே பெயர். அதை அழகாக அமைப்பது, கண்ணி சூட்டுவது, பாடுவது, பலியிடுவது, தெய்வம் ஏறி ஆடுவது என்ற வரிசையை அகநானூற்றிலும் திருமுருகாற்றுப்படையிலும் காணலாம். அங்கே பொடியால் உருவம் எழுதியதாகச் சொல்லப்படவில்லை. ஆகவே வெறியாட்டுக் களம்தான் இன்றைய களமெழுத்தாக வளர்ந்தது என்று அடித்துச் சொல்வது மிகையாகும். ஆனால் அமைத்த தரை, பாட்டு, ஆவேச ஆட்டம் மூன்றும் ஒரே சடங்காகச் சேரும் முறை மேற்கு மலையின் இரு பக்கத்துக்கும் பழக்கமானது என்பதில் ஐயமில்லை.

பொடியால் எழுதும் ஓவியத்தைத் தனி வகையாகப் பேசுவன வடமொழி நூல்கள். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த மானசோல்லாசம், ஓவிய வகைகளை அடுக்கும்போது தூளிச்சித்திரத்தையும் சேர்க்கிறது. தூளி என்றால் பொடி. கேரளத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரன் இயற்றிய சில்பரத்தினமும் தூளிச்சித்திரத்துக்கு இடம் தருகிறது. கோயில் கட்டடக் கலையையும் சிற்பத்தையும் பேசும் அந்த நூல், சில மணி நேரத்தில் மறையும் ஒரு வேலையையும் ஓவியம் என்று மதித்திருக்கிறது. அது கவனிக்கத்தக்கது.

களத்துக்கு வேண்டிய ஐந்து நிறங்களும் சமையலறையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. வெள்ளைக்கு அரிசிமாவு. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். கறுப்புக்கு உமிக்கரி, அதாவது நெல்லின் உமியைக் கருக்கி இடித்த பொடி. பற்பொடி கடைக்கு வருமுன் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல் துலக்கியதும் இந்த உமிக்கரியைக் கொண்டுதான். பச்சைக்கு வாகை இலையையோ மஞ்சாடி இலையையோ உலர்த்திப் பொடிப்பார்கள். மஞ்சாடி என்பது ஆனைக்குன்றிமணி மரம். அதன் சிவந்த விதையைப் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்ததால் பெயர் தமிழிலும் நிலைத்தது.

சிவப்புக்கென்று தனியாக ஒரு பொருள் இல்லை. மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் கலந்தால் அது சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் எல்லா வீட்டிலும் நடப்பதும் இதுவே. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தன்மை பட்டால் மஞ்சளிலிருந்து செந்நிறத்துக்கு மாறுகிறது. சுண்ணாம்பின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சிவப்பின் அழுத்தத்தை மாற்றலாம். ஐந்து பொடிகளையும் ஒன்றோடொன்று கலந்து இடைநிறங்களும் எடுப்பார்கள். கேரளச் சுவரோவியங்களின் நிறத்தேர்வும் விரிந்த கண்ணும் கனத்த ஆபரணங்களும் களத்தில் எழுதும் உருவங்களை நெருங்கியிருப்பதைப் பல ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். எது எதற்குக் கற்றுக் கொடுத்தது என்பதைத் தீர்ப்பது கடினம். சுவரில் இருந்தது நின்றது, தரையில் இருந்தது போய்விட்டது.

எழுதுவதற்குத் தூரிகையோ கோலோ கிடையாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பொடியை எடுத்து, விரல்களை மெல்ல உரசி விடுவதால் விழும் இழைதான் கோடு. வாசலில் கோலமிடும் பெண்ணின் கையும் இப்படித்தான் அசைகிறது. ஆனால் கோலம் பெரும்பாலும் கோட்டால் அமைவது. களத்தில் கோட்டுக்குள்ளே நிறமும் நிறத்தின் மேல் நிறமும் படிய வேண்டும். சாணமிட்டு மெழுகிய தரையில் முதலில் நடுக்கோடு ஒன்றை இழுப்பார்கள். அதை அச்சாக வைத்து உருவத்தின் அளவு தீர்மானமாகும். பிறகு முதல் பொடியைப் பரப்பி, அதன்மேல் அடுத்த நிறத்தைத் தூவி, முகம், கிரீடம், மாலை, கை, ஆயுதம் எனப் படிப்படியாக எழுப்புவார்கள். தூவிய பொடியைத் திரும்ப அள்ள முடியாது, எழுதியதைத் தாண்டி நடக்கவும் முடியாது. ஆகவே எங்கே தொடங்கி எப்படிப் பின்வாங்குவது என்பதும் கைத்தொழிலின் பாகம்.

பத்திரகாளியின் களம் தட்டையாக இருப்பதில்லை. மார்பு எழும்பித் தெரிவதற்காக நெல்லையோ அரிசியையோ குவித்து அதன்மேல் நிறம் போர்த்துவார்கள். குத்துவிளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்த மேடுகளுக்கு நிழல் பிறந்து, உருவம் தரையிலிருந்து எழுந்திருப்பதுபோலத் தோன்றும். மின்விளக்கின் கீழே எடுத்த நிழற்படங்களில் இந்த அழகு பாதி செத்துவிடுகிறது. களம் எண்ணெய் விளக்குக்காக உருவான ஓவியம்.

எழுதும் உரிமை சாதியும் குடும்பமும் சார்ந்தது. பகவதி, வேட்டைக்கொருமகன் முதலிய தெய்வங்களின் களத்தைக் கல்லாற்றுக் குறுப்புகளும் தெய்யம்பாடி குடும்பத்தாரும் எழுதுகிறார்கள். பத்திரகாளித் தீயாட்டு என்ற சடங்காட்டத்துக்குத் தீயாட்டுண்ணிகள், ஐயப்பன் தீயாட்டுக்குத் தீயாடி நம்பியார்கள், நாகங்களுக்குப் புள்ளுவர். இவர்களைத் தவிர மண்ணான், வண்ணான், வேலன் முதலிய சமூகத்தாரும் தங்கள் தெய்வங்களுக்குக் களம் எழுதியிருக்கிறார்கள். சங்கப்பாடலில் வெறியாடிய வேலனின் பெயர் கேரளத்தில் ஒரு சமூகத்தின் பெயராக இருப்பதையும் இங்கே நினைக்கலாம். எழுதுபவரே பாடவும் வேண்டும், இசைக்கவும் வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பொடி அரைப்பதிலிருந்து தொடங்கினார்கள். பார்த்து எழுதப் பழைய களம் எதுவும் மிஞ்சாததால், உருவத்தை மனத்தில் நிறுத்தியது பாட்டுதான். தெய்வத்தை உச்சியிலிருந்து பாதம்வரை வருணிக்கும் கேசாதிபாதப் பாட்டு, பாடுவோருக்குத் துதி என்றால் எழுதுவோருக்கு அளவுப்பட்டியல். எத்தனை கை, எந்தக் கையில் எந்த ஆயுதம், கழுத்தில் எந்த மாலை என்பதெல்லாம் அந்த வரிகளுக்குள் பத்திரமாக இருந்தன. ஓவியம் இரவுக்கு இரவு அழிந்தும் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வந்ததன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

களமெழுத்துக்கு உரிய பருவம் பெரும்பாலும் கார்த்திகை முதல் நாளில் தொடங்கும் மண்டல காலம். அன்று தொடங்கி 41 நாள் பல கோயில்களில் தினமும் களம் உண்டு. சடங்கு தொடங்குவதற்கு அடையாளமாகத் தரைக்கு மேலே கயிறுகளைக் கட்டிப் பட்டுத் துணி விரிப்பார்கள். அதற்குக் கூறையிடுதல் என்று பெயர். தமிழில் திருமணக் கூறைப்புடவையில் மட்டும் எஞ்சியிருக்கும் சொல் இது. உச்சிப்பொழுதில் ஒரு பாட்டு நடக்கும். பிறகு எழுத்து தொடங்கும். கூறையைச் சுற்றிக் குருத்தோலைத் தோரணமும் வெட்சி, துளசி மாலைகளும் தொங்கும். எழுதி முடிந்த களத்தைச் சுற்றி விளக்கும் நெல்லும் அரிசியும் தேங்காயும் வைப்பார்கள். மாலையில் தெய்வத்தின் வாளையோ, திடம்பு எனும் உற்சவ உருவையோ செண்டை மேளத்தோடு எழுந்தருளச் செய்து களத்தருகே கொண்டுவருவார்கள்.

பூசை முடிந்ததும் குறுப்பு நந்துணியை எடுத்துப் பாடுவார். நந்துணி மரத்தாலான எளிய நரம்புக் கருவி. உறுதியான ஒலிப்பெட்டியும் நீண்ட கழுத்தும் கொண்ட அதைக் கொம்புத் துண்டால் மீட்டுவார்கள். இலத்தாளம் என்ற கைத்தாளமும் கூட ஒலிக்கும். காளி தாரிகாசுரனைக் கொன்ற கதை பகவதி களத்துக்குரிய பெரும் பாட்டு. பிறகு திரியைக் கொளுத்தி உழிவார்கள். அதற்குள் கோமரம், அதாவது தெய்வம் ஏறும் வெளிச்சப்பாடு, வாளோடு களத்தைச் சுற்றி அடிவைத்து ஆடத் தொடங்கியிருப்பார். தாளம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். உச்சத்தில் அவர் களத்துக்குள் இறங்கி, மணிக்கணக்கில் தூவிய உருவத்தைத் தம் காலால் கலைப்பார். மலையாளத்தில் இதற்குக் களம் மாய்த்தல் என்று பெயர். மாய்த்தல் என்ற சொல்லில் அழிவின் கனம் இருந்தாலும், சடங்கின் கணக்கில் எதுவும் போய்விடவில்லை. தரையில் அழைத்து இருத்திய தெய்வம் இப்போது ஆடுபவரின் உடம்பில் ஏறிவிட்டது. கலைந்த பொடியைக் கூடியிருப்பவர்கள் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். ஐந்து நிறமும் கலந்து மங்கிய ஒரே நிறமாகியிருக்கும் அந்தப் பொடியில், சற்றுமுன் கண்ணாக இருந்தது எது, வாளாக இருந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

தீயாட்டில் வரிசை சற்று வேறு. களத்தைக் கலைத்த பிறகே தீயாட்டுண்ணி காளியின் வேடம் தரித்து, விளக்கைச் சிவனாகப் பாவித்து, தாரிகனை வென்று வந்த கதையை அதனிடம் சொல்லி நடிப்பார். எர்ணாகுளம், கோட்டயம் பகுதிகளில் நடக்கும் முடியேற்றிலும் முதலில் களம் எழுதிக் கலைப்பார்கள், பிறகுதான் காளியும் தாரிகனும் மோதும் நாடகம். 2010இல் முடியேற்று யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது, அதன் முதல் அங்கமான இந்தப் பொடியோவியமும் உலகின் கண்ணுக்கு வந்தது.

வேட்டைக்கொருமகன் வேட்டுவ வடிவெடுத்த சிவனின் மகன் என்பது வழக்கு. கோழிக்கோட்டுக்கு அருகில் பாலுசேரிக் கோட்டை அவருக்குரிய பழைய தலம். மலபாரின் கோவிலகங்கள் எனும் அரச மாளிகைகளும் பெரிய வீடுகளும் அவரைக் குலதெய்வமாகக் கொண்டிருந்தன. அவருடைய களத்தில் அழிப்பு ஒன்றோடு நிற்பதில்லை. 'பந்தீராயிரம்' என்ற பெரிய வழிபாட்டில் 12,000 தேங்காய்களைக் குவித்து வைப்பார்கள். கோமரம் இரண்டு கையாலும் மாறி மாறி, இடைவிடாமல் அத்தனையையும் கல்லில் எறிந்து உடைப்பார். பல மணி நேரம் நீளும் அந்தக் காட்சி, களத்தின் வண்ணத்தைக் கலைத்த அதே ஆவேசத்தின் தொடர்ச்சி.

நாகக்களம் தனி உலகம். கேரளத்தின் பழைய தறவாடு வீடுகளில், மனையின் தென்மேற்கு மூலையில் வெட்டாமல் விட்ட ஒரு தோப்பு இருக்கும். அதுவே பாம்புக் காவு. அதற்கு ஆண்டுக்கொருமுறையோ நேர்ச்சைக்காகவோ புள்ளுவரை அழைத்துப் பாம்பாட்டம் நடத்தினார்கள். சர்ப்பம் துள்ளல் என்றும் அதைச் சொல்வார்கள். புள்ளுவன் ஒற்றை நரம்பு வீணையை வில்லால் இழைப்பார், புள்ளுவத்தி குடத்தை மீட்டிப் பாடுவார். மண்குடத்தில் தோல் போர்த்து, அதிலிருந்து ஒரு நரம்பை இழுத்துக் கட்டிய புள்ளுவன்குடம் வேறெங்கும் எளிதாகக் காணக் கிடைக்காத கருவி. உற்சவமில்லாத நாட்களில் இவர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்கு நாவூறு படாமலிருக்கப் பாடி நெல் வாங்கி வாழ்ந்தார்கள்.

நாகக்களத்தில் பாம்புகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். நாகயட்சி, அஷ்டநாகம் எனக் களத்துக்குக் களம் உருவம் மாறும். செதில்களின் ஒழுங்குக்காகத் துளையிட்ட சிரட்டையில் பொடியை நிறைத்துத் தட்டுவதும் உண்டு. அச்சுப்போலப் புள்ளிகள் வரிசையாக விழும். பின்னல் எங்கே மேலே போகிறது, எங்கே கீழே நுழைகிறது என்பதில் ஒரு தப்பு நேர்ந்தாலும் பாம்பு அறுந்துவிடும். சிக்குக் கோலமிட்டவர்களுக்கு இந்த அச்சம் தெரியும்.

கலைப்பது இங்கே பெண்கள். வீட்டைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், நோன்பிருந்து கையில் கமுகம் பூங்குலையோடு களத்தருகே உட்காருவார்கள். குடத்தின் ஒலி ஏறும்போது அவர்களுக்கு ஆவேசம் வரும். உடம்பு பாம்புபோல அசையும். கூந்தல் அவிழ்ந்து புரள, பூங்குலையாலும் கையாலும் களத்தைத் துடைத்தபடி நகர்வார்கள். அப்போது வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கு நாகத்தின் வாக்காகப் பதில் வரும். 1909இல் சென்னையில் வெளியான 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற ஏழு தொகுதி நூலில் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, புள்ளுவரையும் அவர்களுடைய பாம்புச் சடங்கையும் பதிவு செய்திருக்கிறார். களமெழுத்தை வெளியுலகம் அறிய உதவிய தொடக்கப் பதிவுகளில் அது ஒன்று. சாதிகளை அளந்து வகைப்படுத்தும் காலனியக் கண்ணோட்டம் அந்த நூலில் உறுத்தினாலும், இப்பதிவின் பயனை மறுக்க முடியாது.

பெரிய கோயில்களில் களம் பேருருவம் எடுத்தது. வைக்கத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை 12 நாள் நடக்கும் வடக்குப்புறத்துப் பாட்டில், பத்திரகாளியின் கைகள் நாள் ஏற ஏறப் பெருகிக் கடைசியில் 64 ஆகும். 64 கையும் ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுதமும் ஒரே இரவில் தரையோடு தரையாகும். தமிழ்நாட்டுப் பக்தர்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய களம் சபரிமலையில் இருக்கிறது. மகரவிளக்கு நாளில் தொடங்கி ஐந்து நாள், மாளிகைப்புறத்து மணிமண்டபத்தில் ராந்நியைச் சேர்ந்த குறுப்புக் குடும்பம் ஐயப்பனை வெவ்வேறு திருக்கோலத்தில் எழுதுகிறது. வில்லும் அம்பும் ஏந்திய வீரனாக, அரசிளங்குமரனாக, புலிமேல் ஏறியவனாக அவன் தோன்றுவான். ஜோதி பார்த்ததும் மலையிறங்கிவிடும் கூட்டம் இதைத் தவறவிடுகிறது.

இத்தனையும் நடக்கப் பொருள் வேண்டும். அரிசி, தேங்காய், எண்ணெய், எழுதுவோருக்கும் பாடுவோருக்கும் ஊதியம் எல்லாவற்றையும் தந்தது நிலம். தறவாடுகளும் கோவிலகங்களும் தேவஸ்வங்களும் நிலவருவாயில் களம் நடத்தின. அந்த அடித்தளம் 20ஆம் நூற்றாண்டில் கலைந்தது. திருவிதாங்கூரில் 1925இன் நாயர் சட்டமும், மலபாரில் சென்னை மாகாணத்தின் 1933ஆம் ஆண்டு மருமக்கத்தாயச் சட்டமும் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரிக்க வழிவிட்டன. 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை முடித்தது. 1975இல் கேரள சட்டமன்றம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. உழுதவனுக்கு நிலமும் குடும்பத்தாருக்குப் பங்கும் சேர்த்த அந்தச் சட்டங்கள் நியாயமானவை. அவற்றின் பக்கவிளைவாகக் களத்தைத் தாங்கிய வீடுகள் பாகம் பிரிந்தன, காவு இருந்த மூலை யாரோ ஒருவரின் பங்கில் போய் விழுந்தது. மனை விலை ஏற ஏறப் பல காவுகளில் மரம் வெட்டப்பட்டது. சிலையை மட்டும் பெரிய நாகக் கோயிலொன்றுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பதும் வழக்கமானது. காவு போன வீட்டில் புள்ளுவருக்கு வேலையில்லை.

பின்னர் களமெழுத்துக்கு வந்த ஆதரவு அரசு அகாதெமிகள், கலைவிழாக்கள், கண்காட்சிகள் வழியாக வந்தது. மேடையிலும் அரங்கிலும் களம் எழுதினார்கள். பூசையும் ஆவேசமும் இல்லாத இடத்தில் அழிப்பதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. சிலர் பார்வையாளர் போன பிறகு துடைப்பத்தால் கூட்டினார்கள், சிலர் பலகையில் பசை தடவிப் பொடியை ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். ஒட்டிய களம் பார்வைக்கு அழகாகவே இருக்கிறது, ஆனால் அதில் அரிசிமாவு பழுப்பேறி, மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடுகிறது. ஓரிரவு நிற்பதற்கென்று தேர்ந்த பொருள்கள் அவை. கடையில் விற்கும் செயற்கை நிறப்பொடியைத் தூவும் வழக்கமும் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. அதன் கூசும் நிறம் எண்ணெய் விளக்கோடு இணங்குவதில்லை, கலைத்தபின் நெற்றியில் இடுவதற்கும் அது உகந்ததில்லை. பழைய குடும்பங்கள் இன்றும் உமியைக் கருக்கி, இலையை நிழலில் உலர்த்தி, மஞ்சளில் சுண்ணாம்பு பிசைந்தே பொடி செய்கின்றன.